வாசனை திரும்பி வந்தது, ஆனால் கோணலாக வந்திருக்கிறது

எல்லோருக்கும் வணக்கம். மார்ச்சில் கொரோனா வந்து போனது, காய்ச்சல் நாலே நாளில் விட்டது, மூக்குதான் இன்னும் சரியாகவில்லை. முதல் இரண்டு மாதம் ஒன்றுமே தெரியாது. அடுப்பில் பால் தீய்ந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இப்போது வாசனை வருகிறது, ஆனால் காபி, வெங்காயம், பூண்டு எல்லாமே ரப்பர் எரிகிற மாதிரி. வீட்டில் தாளிக்கும்போது தெருவில் போய் நிற்கிறேன். உப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரிகிறது, ரசமா சாம்பாரா என்பதுதான் தெரியவில்லை.

இதற்குப் பெயர் பாரோஸ்மியா, நரம்பு திரும்ப வளரும்போது இப்படி ஆகலாம் என்றார் டாக்டர். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் எண்ணெய்களைக் காலையும் இரவும் ஒவ்வொன்றாக 20 விநாடி முகரச் சொன்னார். ஜெர்மனியில் தாமஸ் ஹம்மல் குழு 2009-ல் வெளியிட்ட முறையாம், குறைந்தது 12 வாரம். எனக்கு ஏழாவது வாரம். கிராம்பு மட்டும் லேசாகப் பிடிபடுகிறது.

யாருக்காவது முழுசாகச் சரியானதா, எத்தனை மாதத்தில்? அதுவரை குமட்டாமல் என்ன சாப்பிட்டீர்கள்? எனக்குத் தயிர்சாதமும் ஆறிய இட்லியும்தான் இறங்குகிறது. அப்புறம், கேஸ் கசிந்தால் சத்தம் போடும் கருவி வைத்திருப்பவர்கள் எது நல்லது என்று சொல்லுங்கள், பகலில் நான் தனியாகத்தான் இருக்கிறேன்.