2003 கும்ப வீடியோ: டிவிடியிலிருந்து எம்பி4 ஆக்கினால் படம் நாசமாகிறது, வழி சொல்லுங்கள்

உப்புவெளிக் கிளி:
வணக்கம். 2003 நவராத்திரியில் கும்பம் தூக்கி வீதிக்கு ஊர்வலமாக இறங்கிய இரவை அப்பா மினிடிவி (MiniDV) என்ற சின்னக் கசெட் கமராவில் எடுத்திருந்தார். சுனாமிக்கு முந்திய எங்கள் ஒழுங்கை அதில்தான் இருக்கிறது. அப்போதே டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து டிவிடி ஆக்கினோம், 65 நிமிடம், 4.2 ஜிபி. இப்போது கனடாவில் இருக்கும் அண்ணா கேட்கிறார் என்று ஏதோ ஒரு இலவச கொன்வேர்ட்டரில் போட்டு 1080 எம்பி4 ஆக்கினேன், 700 எம்பி வந்தது. லாப்டொப்பில் பரவாயில்லை. டிவியில் போட்டால் இருட்டு வானம் முழுக்கக் கட்டம் கட்டமாக நெளிகிறது, உடுக்கு அடிப்பவரின் கை சீப்புப் பல் மாதிரிக் கோடு கோடாகக் கிழிகிறது, எல்லோரும் அகலமாகத் தெரிகிறார்கள். அம்மா பார்த்துவிட்டு "நான் எப்ப இவ்வளவு பருத்தனான்?" என்று கேட்கிறார். அப்புறம் அதே 700 எம்பியை 'மிக உயர் தரம்' என்று திரும்ப மாற்றிப் பார்த்தேன், 3 ஜிபி ஆனதே தவிர ஒன்றும் மாறவில்லை. எங்கே பிழை விட்டேன்?

பழைய கமராக்காரன்:
தங்கச்சி, அந்த 700 எம்பியையும் 3 ஜிபியையும் அழித்துவிடுங்கள், அவற்றில் இனி எடுக்க ஒன்றும் இல்லை. ஒருமுறை தூக்கி எறிந்த விபரத்தை எவ்வளவு பெரிய ஃபைலில் போட்டாலும் அது திரும்பி வராது.

நடந்தது இதுதான். டிவிடியில் படம் 720 × 576, விநாடிக்கு எட்டரை மெகாபிட் அளவில் இருந்திருக்கிறது. நீங்கள் அதை 1920 × 1080 ஆக இழுத்ததில் புள்ளிகள் சரியாக 5 மடங்கு ஆகிவிட்டன, கொடுத்த இடமோ ஒன்றரை மெகாபிட்கூட இல்லை. அதிலும் இரவுப் படம். இருட்டில் கமரா எழுப்பும் அந்தப் பொரிபொரிப்பு ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுவதால் சுருக்குவதற்கு அதைவிடக் கஷ்டமானது வேறில்லை, இடம் போதாமல் போனால் முதலில் உடைவது வானம்தான்.

உங்களுக்குத் தேவை மாற்றுவதே இல்லையாக இருக்கலாம். சோற்றுப் பார்சலைப் பிரித்து அப்படியே வேறு டப்பாவில் போடுவது ஒன்று, திரும்ப அடுப்பில் ஏற்றிக் கிண்டுவது இன்னொன்று. மேக்எம்கேவி (MakeMKV) என்ற மென்பொருளில் டிஸ்க்கைப் போட்டால் டிவிடியில் துண்டு துண்டாகக் கிடக்கும் விஓபி ஃபைல்களை ஒன்றாக்கி ஒரே எம்கேவி ஃபைலாகத் தரும். உள்ளே இருப்பது டிவிடியில் இருந்த அதே எம்பெக்-2 முறையில் சுருக்கிய படம், ஒரு புள்ளியும் குறையாது. அதைப் பென் டிரைவில் போட்டு அண்ணாவின் டிவியில் ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் வேலை முடிந்தது.

கடலோரப் பொடியன்:
இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம், ஏஐ-யில் போட்டு 4கே ஆக்கிவிடலாமே.

பழைய கமராக்காரன்:
போடலாம் தம்பி, கும்பம் தூக்கிக்கொண்டு வருபவரின் முகத்தை அது தானே யோசித்து வரையும், பார்க்க வடிவாகத்தான் இருக்கும், ஆனால் அது அவருடைய முகமாக இருக்காது. விளையாட்டுக்குச் செய்யுங்கள், அதை ஒரிஜினல் என்று வைத்துக்கொண்டு டிவிடியை எறிந்துவிடாதீர்கள்.

நிலாவெளி நைட்:
டிவியில் எம்கேவி ஓடாவிட்டால் ஹாண்ட்பிரேக் (HandBrake) என்ற இலவச மென்பொருள். அது எப்போதும் படத்தைத் திரும்பச் சுருக்கி என்கோட் செய்யும், ஆகவே ஒருமுறை மட்டும், டிஸ்க்கிலிருந்து எடுத்த அந்த எம்கேவியிலிருந்தே செய்யுங்கள். சுருக்கும் முறை எச்.264, தரத்துக்கான எண் ஆர்எஃப் 18, வேகம் ஸ்லோ. எண் குறையக் குறையத் தரம் கூடும். சைஸை முதலே தீர்மானிக்க வேண்டாம், இரவுக் காட்சிக்கு அது கேட்கிற இடத்தைக் கொடுத்துவிடுங்கள். அளவைப் பெரிதாக்கவும் வேண்டாம். இது 4:3 படம், 16:9-க்கு இழுத்ததால்தான் அம்மா பருத்தது. அந்த விகிதத்தை மட்டும் காப்பாற்றினால் போதும்.

சீப்புக் கோடுதான் முக்கியம். அந்தக் காலத்து பால் (PAL) முறைக் கமரா விநாடிக்கு 50 தடவை அரை அரைப் படமாக எடுக்கும், ஒற்றைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைக் கோடுகள் அடுத்தமுறை. அதற்குள் உடுக்குக் கை நகர்ந்துவிடும், இரண்டையும் ஒரே படத்தில் கோர்த்தால் கிழிந்து தெரியும். உங்கள் கொன்வேர்ட்டர் இதைப் பிரிக்காமலே பெரிதாக்கியதால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து படத்திலேயே பதிந்துவிட்டன, இனி எந்த ஃபில்டராலும் சரியாகப் பிரிக்க முடியாது. ஹாண்ட்பிரேக்கில் இந்த அரைப் படங்களைப் பிரிக்கும் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் பிடபிள்யூடிஃப் (Bwdif), அதில் பொப் (Bob) தெரிவு செய்தால் 50 ஃபிரேம் வரும், கை வழுக்கிக்கொண்டு போகும். பொரிபொரிப்பை அழிக்கும் டீநொய்ஸை மட்டும் தொடாதீர்கள், ஆட்கள் மெழுகுப் பொம்மை ஆகிவிடுவார்கள்.

பழைய கமராக்காரன்:
கேட்க மறந்துவிட்டேன், கசெட் இருக்கிறதா? மினிடிவி விநாடிக்கு 25 மெகாபிட், மணித்தியாலத்துக்கு 13 ஜிபி அளவு. ஸ்டூடியோ டிவிடி ஆக்கும்போதே மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. கமராவை வயரில் இணைக்கும் ஃபயர்வயர் துளை இருக்கும் ஒரு பழைய டெஸ்க்டொப் கிடைத்தால் கசெட்டில் உள்ளதை அப்படியே கொப்பி எடுக்கலாம், 65 நிமிடக் கசெட்டுக்கு 65 நிமிடம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நம் ஊர்க் காற்றில் பூஞ்சணம் பிடித்திருக்கும். கசெட்டின் கண்ணாடிப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், சுருளின் மேல் வெள்ளையாகப் படர்ந்திருந்தால் கமராவில் போட்டுவிடாதீர்கள், கசெட்டைப் படிக்கும் ஹெட்டும் போய்விடும்.

உப்புவெளிக் கிளி:
எம்கேவி எடுத்துவிட்டேன், எங்கள் டிவியில் ஓடுகிறது, அம்மாவும் மெலிந்துவிட்டார். அண்ணாவின் டிவியில் சத்தம் மட்டும் வருகிறதாம், அதனால் நிலாவெளி நைட் சொன்ன மாதிரி ஹாண்ட்பிரேக்கில் போட்டேன், 3.1 ஜிபி வந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை, கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுத்தேன். உடுக்குக் கை இப்போது கிழியவில்லை.

கசெட்டை அப்பாவின் அலுமாரி லாச்சியில் கண்டுபிடித்தேன். ஒரு ஓரத்தில் மெல்லிய வெள்ளை தெரிகிறது. யாராவது திருகோணமலையில் இதைத் துப்புரவாக்கித் தருவார்களா, இல்லை கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா?