சுண்ணாம்புக்கல்லில் ரேடார்: இந்த வளைவு குகைதானா?

பாறைப்பித்து:
முதுகலை ப்ராஜெக்டுக்காகக் கார்ஸ்ட் பகுதி (சுண்ணாம்புக்கல் கரைந்து குகையும் குழியும் உண்டாகும் நிலம்) ஒன்றில் தரை ஊடுருவும் ரேடார் ஓட்டினோம். 100 மெகாஹெர்ட்ஸ், கவசமில்லாத ஆன்டெனா. பாறை வெளியே தெரியும் இடத்தில் 10 மீட்டர் வரை அடுக்குகள் அழகாக வருகின்றன. பக்கத்திலேயே செம்மண் மூடிய இடத்தில் ஒன்றரை மீட்டருக்குக் கீழே வெறும் இரைச்சல். இன்னொன்று, பாறைப் பகுதியில் 120 நானோசெகண்டில் (அலை போய்த் திரும்பும் மொத்த நேரம்) பெரிய கவிழ்ந்த வளைவு. பாறையில் வேகம் நானோசெகண்டுக்கு 0.1 மீட்டர் என்று வைத்தால் ஆழம் 6 மீட்டர். குகை என்று எழுதிவிடலாமா?

கரட்டுமேடு:
கொஞ்சம் பொறுங்கள். கவசமில்லாத ஆன்டெனா கீழே மட்டும் பார்ப்பதில்லை. மரம், கம்பம், ஓரமாக நிறுத்திய ஜீப் என்று எதில் பட்டுத் திரும்பும் அலையையும் வாங்கிக்கொள்ளும். மென்பொருளும் அதை ஆழம் என்றே வரைந்து தரும்.

வளைவின் உச்சியிலிருந்து, ரேடார் ஓட்டிய கோட்டில் 5 மீட்டர் தள்ளிப் போய் நேரத்தைப் படியுங்கள். 156 நானோசெகண்ட் வாக்கில் இருந்தால் அலை பாறைக்குள் போய் வந்திருக்கிறது. 125 என்றால் அது காற்றில் வந்தது, வேகம் 0.3. அப்படியானால் உங்கள் '6 மீட்டர் ஆழம்' உண்மையில் தரைக்கு மேலே 18 மீட்டர் தூரம்.

பாறைப்பித்து:
126 வருகிறது! கோட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு மின்கம்பம் நிற்கிறது. டேப் பிடித்ததில் 18 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அதே கோட்டில் 85இல் ஒரு சின்ன வளைவும் இருக்கிறது. அது 5 மீட்டர் தள்ளி 131. அதற்குக் கீழே 20 நானோசெகண்ட் விட்டு இன்னொரு எதிரொலி.

கரட்டுமேடு:
சரி, கம்பம் போகட்டும். நேரம் செலவழிக்க வேண்டியது இந்தச் சின்னவனிடம்தான். 131 என்றால் பாறை வேகம், உச்சி சுமார் நாலேகால் மீட்டர் ஆழத்தில்.

அடுத்து முனைவைப் பாருங்கள், அதாவது திரும்பி வரும் அலையின் முதல் அசைவு மேலா கீழா என்பதை. புதைந்த இரும்புக் குழாய் ஒன்றின் மேல் ஓட்டிய பதிவோடு ஒப்பிடுங்கள். அந்த அசைவு குழாயினுடையதற்கு எதிர்த்திசையில் இருந்தால் காற்று நிரம்பிய வெற்றிடமாக இருக்கலாம். அதே திசை என்றால் தண்ணீரோ ஈரக் களிமண்ணோ.

காற்று என்றால் அந்த 20 நானோசெகண்டைப் பாறை வேகத்தில் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்டால் ஒரு மீட்டர் உயரப் பொந்துதான் வரும். உள்ளே அலை 0.3இல் ஓடுவதால் கூரைக்கும் தரைக்கும் இடையே 3 மீட்டர், ஆள் நிமிர்ந்து நடக்கலாம். இரண்டாவது எதிரொலி குகையின் தரைதானா என்பதைத் துளை போட்டுத்தான் உறுதி செய்ய முடியும்.

மின்தடைக்காரன்:
செம்மண் பகுதியைப் பற்றி யாரும் பேசவில்லையே. சுண்ணாம்பு கரைந்தபின் மிஞ்சும் களிமண் அது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் ரேடார் அலையை விழுங்கிவிடும். 50 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினாலும் பெரிய லாபம் இல்லை. ப்ளோரிடா மாதிரி மேலே மணல் மூடிய கார்ஸ்ட் என்றால் கதையே வேறு: கீழே குழி விழும் இடத்தில் மணல் அடுக்குகள் தொய்ந்து கிடப்பதையே ரேடார் காட்டிவிடும்.

அந்த வெற்றுப் பகுதியை அழித்துவிடாதீர்கள். அடுக்குகள் எங்கே சட்டென்று அறுந்து இரைச்சல் தொடங்குகிறதோ, அங்கே களிமண் அடைத்த பிளவு இருக்க வாய்ப்பு அதிகம். விளிம்புகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, குறுக்கே மின்தடை அளவீடு (தரையில் மின்சாரம் செலுத்தி அளப்பது) ஒரு கோடு போடுங்கள். களிமண்ணின் மின்தடை குறைவு, கெட்டிப் பாறையினுடையது பல மடங்கு அதிகம், எல்லை தெளிவாகவே வரும். மழைக்கு முன்பே ரேடாரை முடித்துவிடுங்கள்.