பயணத்தடை, ஊரடங்கு, ஊசி: வன்னியில் நாங்கள் பட்டது

(2021 செப்டெம்பர் தொடக்கத்தில், கொரோனா ஊரடங்கின்போது இலங்கையின் வன்னிப் பகுதிச் சனம் ஒருவருக்கொருவர் எழுதியவை. ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் ஊர்.)

உருத்திரபுரம்

உறவுகளே, 2021 ஓகஸ்ட் 20 இரவு 10 மணிக்கு ஊரடங்கு தொடங்கியபோது 30ஆம் திகதி காலை வரை என்றார்கள். பிறகு செப்டெம்பர் 6 என்றார்கள். அந்த 6 வருவதற்கு முன்னரே இப்போது 13 என்று சொல்லிவிட்டார்கள். மே மாதப் பயணத்தடையும் இப்படித்தான் போனது. 21ஆம் திகதி இரவு பூட்டி, 25ஆம் திகதி சாமான் வாங்க ஒரு நாள் திறந்து, 28 என்றது ஜூன் 7 ஆகி, 14 ஆகி, கடைசியில் ஜூன் 21 வரை இழுபட்டது. குறித்த நாள் நெருங்கும்போதுதான் அடுத்த திகதி வருகிறது. அதை நம்பிக் கடனுக்குத் தவணை சொன்னவர், கலியாணத்துக்கு நாள் வைத்தவர், கிளினிக் போக வான் பேசியவர் எல்லாரும் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

நோய் பொய் என்று நான் சொல்லவில்லை. நாட்டில் ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல் இறக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். பூட்டத்தான் வேண்டும். என் கோபம் வேறு. வன்னிச் சனத்துக்குப் பூட்டு புதிதா? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினோம். பற்றறியும் சவர்க்காரமும் இல்லாமல் இருந்தோம். வவுனியா போகப் பாஸுக்கு நின்றோம். 2009இல் மெனிக்பாம் அகதி முகாமின் முள்வேலிக்குள் கிடந்தோம். அப்போதும் எங்களைத் தின்றது ஒரே கேள்விதான்: எப்போது விடுவார்கள்? இல்லாமையோடு வாழ எங்களுக்குத் தெரியும். தெரியாமல் காத்திருப்பதுதான் மனிதரை உள்ளுக்குள் அரிக்கிறது.

போன கிழமை சிறுபோக நெல்லை ஏற்றிக்கொண்டு பரந்தன் பக்கம் போனேன். விவசாயத்துக்குத் தடையில்லை என்று செய்தியில் சொன்னார்கள், கமநல சேவை நிலையக் கடிதமும் கையில் இருந்தது. மறித்த பொலிஸ்காரர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது தமிழில் இருந்தது, அவருக்கு விளங்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் நின்ற ஆமிப் பெடியன் ஒருவன் கொஞ்சம் தமிழ் வாசிப்பான் போல, எழுத்துக்கூட்டி வாசித்து அவருக்குச் சொன்னான். விட்டார்கள். வெளிக்கிடும்போது அவன் என்னிடம், "ஐயா, நாளைக்கு வந்தால் இந்தக் கடிதம் சரிவருமோ தெரியாது, எங்களுக்கே காலையிலதான் சொல்லுறாங்க" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மறிக்கிறவனுக்கும் தெரியாது, மறிபடுகிறவனுக்கும் தெரியாது என்றால் இந்த நாட்டில் யாருக்குத்தான் தெரியும்?

காலபோகத்துக்கு வயலை உழ வேண்டும். மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியையும் நிறுத்திவிட்டார்கள். யூரியா இல்லாமல் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று ஒருவரும் வாய் திறக்கிறார்கள் இல்லை. அது தனிக் கதை. நீங்கள் நேரில் கண்டதையும் பட்டதையும் எழுதுங்கள்.

புதுக்குடியிருப்பு

அண்ணா, நான் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். மே மாதம் எங்களுக்குள் தொற்று வந்தது. முல்லைத்தீவு, முள்ளியவளை, புதுக்குடியிருப்பு பொலிஸ் பிரிவுகளைத் தனிமைப்படுத்தினார்கள். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 நெருங்கிய நேரம். அம்மா ஒவ்வொரு வருடமும் என் மூத்த அண்ணனுக்கு விளக்கேற்ற முள்ளிவாய்க்காலுக்குப் போகிறவர். இந்த முறை படலையைத் தாண்ட முடியவில்லை. முற்றத்தில் ஏற்றினார்.

எனக்குத் தொற்று என்று போனில்தான் சொன்னார்கள். உடுப்பு எடுத்து வையுங்கள், பஸ் வரும் என்றார்கள். பின்னேரம் என்றது நடுச்சாமம் தாண்டித்தான் வந்தது. எங்கே கொண்டு போகிறீர்கள் என்று அம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. 2009இல் போர் முடிவில் வட்டுவாகல் தாண்டியவர்களைப் பஸ்ஸில் ஏற்றிய காலத்தை எங்கள் அம்மாக்கள் மறக்கவில்லை. அந்தச் சனத்தின் பிள்ளையை இருட்டில் பஸ்ஸில் ஏற்றும்போது போகிற இடத்தையாவது சொல்ல வேண்டாமா? நான் போய்ச் சேர்ந்து போனுக்குச் சார்ஜ் போட்டுப் பேசும் வரைக்கும் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று தங்கச்சி சொன்னாள்.

கொண்டுபோய் வைத்த இடத்தில் சாப்பாடு பரவாயில்லை. ஆமிக்காரரும் மரியாதையாகத்தான் நடந்தார்கள், அதை மறைக்க மாட்டேன். அங்கே ஒரு மிஸ் இருந்தா. நேர்ஸ். ஒவ்வொரு நாள் காலையும் மண்டப வாசலில் நின்று, இன்றைக்கு யார் யாருக்கு எத்தனையாவது நாள், எந்தச் சோதனை முடிவு யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருக்கிறது, வராவிட்டால் என்ன செய்வார்கள் என்று சத்தமாகச் சொல்லுவா. முடிவு வராத நாளில் "இன்னும் வரவில்லை பிள்ளையள்" என்று அதையும் வந்து சொல்லுவா. அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் ஒருவரும் அழவில்லை, ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது.

இரணைமாதாநகர்

நாங்கள் இரணைதீவுச் சனம். முழங்காவில் பக்கத்தில் பல வருடம் அகதியாக இருந்து, போராட்டம் நடத்தி, 2018இல் நாங்களாகவே வள்ளத்தில் ஏறித் தீவுக்குத் திரும்பினோம். இப்போது நண்டும் கடலட்டையும்தான் வாழ்க்கை. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்று வந்து அதைப் பூட்டியபோது மீன் விலை தரையில் விழுந்தது. கொழும்பில் மீன் தின்னப் பயந்தார்கள். நாங்கள் கருவாடு போட்டோம்.

இந்த வருடம் மார்ச்சில் நடந்ததைத்தான் எழுத வந்தேன். கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்துக்கொண்டிருந்தார்கள். முஸ்லிம் சகோதரர்கள் எத்தனையோ மாதம் கெஞ்சினார்கள். கடைசியில் அடக்கம் செய்யலாம் என்று அனுமதித்தார்கள், நல்லது. எங்கே என்று பார்த்தால் இரணைதீவில். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செய்தியில்தான் கேள்விப்பட்டோம். தீவில் குழி வெட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் சனம் எழும்பியது. சுவாமிமாரும் வந்து நின்றார்கள்.

நான் அந்தப் போராட்டத்தில் நின்றவன், அதனால் இதைத் தெளிவாகச் சொல்கிறேன்: ஜனாஸாக்களுக்கு எதிராக நாங்கள் நிற்கவில்லை. ஒருவரின் உடலை அவருடைய ஊர் மையவாடியிலேயே அடக்க விடுங்கள் என்றுதான் கேட்டோம். மன்னாரில் இறந்தவரை மன்னாரில் அடக்கினால் அவருடைய பிள்ளை வெள்ளிக்கிழமை போய் நிற்கலாம். கடல் கடந்து ஒரு தீவில் போட்டால் யார் வருவது? அவர்களுக்கும் அநியாயம், எங்களுக்கும் அநியாயம். பிறகு மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்கு மாற்றினார்கள். இன்றுவரை எங்கள் தீவை ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்று ஒரு அதிகாரியும் வந்து சொல்லவில்லை.

மல்லாவி

மூன்று பிள்ளைகள், ஒரு போன். மூத்தவளுக்கு உயர்தரம். வழமையாக ஓகஸ்டில் நடக்கும் பரீட்சை நவம்பர் என்கிறார்கள், அதுவும் உறுதியில்லை. சிக்னல் பிடிக்கக் குளக்கட்டுக்குப் போக வேண்டும், பின்னேரமானால் யானைப் பயம். ஜூலையிலிருந்து ஆசிரியர்கள் சம்பளப் போராட்டத்தில் நிற்கிறார்கள், அவர்கள் கேட்பதும் நியாயம். ஆனால் என் பிள்ளை "அம்மா, சோதனை எப்ப என்று சொன்னால் நான் அதற்கேற்ற மாதிரிப் படிப்பேன்" என்கிறாள். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கிளிநொச்சி நகரம்

என் அம்மா மார்ச் மாதம் வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் நின்றபோது கோவிஷீல்ட் (இந்தியாவில் செய்த அஸ்ட்ராசெனகா) முதல் டோஸ் போட்டார். இந்தியா அன்பளிப்பாகத் தந்த 5 இலட்சம் டோஸோடு ஜனவரி 29இல் தொடங்கியபோது எங்களுக்கு எவ்வளவு சந்தோசம். பிறகு இந்தியாவிலேயே நோய் பொங்கி, அங்கிருந்து வருவது நின்றது. முதல் ஊசி போட்டு இரண்டாவதுக்கு வழியில்லாமல் நின்றவர்கள் நாட்டில் 6 இலட்சம் பேர் அளவில். அம்மாவும் ஒருவர். சித்திரை வருடப்பிறப்புக்கு இங்கே வந்தவர் பிறகு போகவே முடியவில்லை.

ஜூலை 31 ஜப்பானிலிருந்து அஸ்ட்ராசெனகா வந்தது. கொழும்பில் போடத் தொடங்கினார்கள். வாகனம் பேசி வைத்தோம், அதற்குள் மாகாணம் தாண்டத் தடை. இங்கே கேட்டால் ஒரு இடத்தில் கொழும்பில் போட்டவர் கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் அடுத்த கிழமை வரலாம், பாருங்கள் என்கிறார்கள். அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அந்த அட்டையை எடுத்துத் திகதியைப் பார்க்கிறார். சீனாவின் சினோபார்மைப் போடலாமா என்றும் கேட்கிறார். யாராவது சரியான விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் பக்கம்

கிளிநொச்சித் தங்கச்சிக்கு: நீங்களாக முடிவெடுத்து வேறு ஊசி போடவேண்டாம். அம்மாவின் அட்டையைக் கொண்டுபோய் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் காட்டி, பெயரையும் போன் இலக்கத்தையும் எழுதுவித்துவிட்டு வாருங்கள். எழுதுகிறார்களா என்று நின்று பாருங்கள். இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பட்டியல் இருந்தால்தான் மேலிடத்தில் கேட்கலாம்.

நான் குடும்பநல உத்தியோகத்தர். சனம் ஊசிக்குப் பயந்தது என்று கொழும்பில் இருந்து எழுதுகிறார்கள். நான் கண்டது வேறு. யாழ்ப்பாணத்துக்கு மே கடைசியில் 50,000 சினோபார்ம் வந்தது என்று கேட்ட நாளிலிருந்து, நான் எந்த வீட்டுக்குப் பிள்ளைகளின் நிறை பார்க்கப் போனாலும் "மிஸ், எங்களுக்கு எப்ப?" என்றுதான் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். அந்த இடைவெளிக்குள்தான் வட்ஸ்அப் வதந்தி புகுந்தது. ஊசி போட்டால் இரண்டு வருடத்தில் செத்துவிடுவார்கள் என்று ஒன்று, பிள்ளை பிறக்காது என்று இன்னொன்று. மருந்தும் இல்லை, செய்தியும் இல்லை என்றால் சனம் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் கொரோனாவுக்கு மருந்தென்று காய்ச்சிய பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் அடித்துப் பிடித்து நின்றார்களே, அவர்களை நான் பழிக்க மாட்டேன். நம்பிக்கை தரவேண்டியவர்கள் தரவில்லை.

ஊசி வந்த பிறகும் கஷ்டம்தான். நாளைக் காலை பாடசாலையில் போடுகிறோம் என்று இரவுதான் அறிவிப்பு வரும். ஊரடங்கு நேரம் பஸ் இல்லை. காட்டோரக் கிராமத்தில் இருக்கும் ஒரு அப்பு எப்படி வருவார்? விதானையாரும் (கிராம அலுவலர்) நானும் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரக்காரரைப் பிடித்துக் கிழவன் கிழவிகளை ஏற்றி வந்தோம். அதில் ஒரு ஆச்சி, ஊசி வேண்டவே வேண்டாம் என்று மகனோடு சண்டை பிடித்தவர். நான் பக்கத்தில் இருந்து, இது சீனாவில் செய்த ஊசி, உலக சுகாதார நிறுவனம் மே மாதம் அங்கீகரித்தது, இன்றிரவு காய்ச்சல் வரலாம், வந்தால் பனடோல் போடுங்கள், நாலு கிழமையில் அடுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இதை அவன் எனக்குச் சொல்லேல்ல, போடு பிள்ளை" என்று கையை நீட்டினார். நான் வருடக்கணக்காக இந்த வேலை செய்கிறேன், முழு விபரமும் சொன்ன பிறகு மறுத்தவர்கள் மிகக் குறைவு.

இப்போது இளம் பிள்ளைகள் சினோபார்ம் வேண்டாம், பைசர் வரட்டும் என்கிறார்கள். வெளிநாடு போக அதுதான் செல்லும் என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். வன்னியில் ஒரு பெடியனுக்கு வெளிநாடுதான் எதிர்காலம் என்றால் அவனைக் குறை சொல்ல முடியாது. எந்த நாடு எதை ஏற்கிறது, பைசர் இங்கே வருமா வராதா என்று அரசாங்கம் சொல்லட்டும். அதுவரை நான் அவர்களிடம் சொல்வது: வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கிடைப்பதைப் போடுங்கள்.

நெடுங்கேணி

எல்லாரும் எழுதியதை வாசித்தேன். எல்லாருக்கும் ஊரடங்கு சலித்துவிட்ட மாதிரித் தெரிகிறது, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. என் அப்பா ஓகஸ்டில் போய்விட்டார். மூச்சு இழுக்கத் தொடங்கி மூன்றாம் நாள். வவுனியாவில் தகனம். நாங்கள் தூரத்தில் நின்று பார்த்தோம், முகம் காட்டவில்லை. ஒரு கிழமை முன்னதாகப் பூட்டியிருந்தால் அப்பாவுக்கு வந்திருக்காதோ என்று இரவில் நினைக்கிறேன். வைத்தியர்கள் முன்னரே பூட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் திறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

ஆனால் உருத்திரபுரம் ஐயா சொன்னது சரி. ஆஸ்பத்திரி வாட்டில் அப்பாவின் நிலைமையைக் கேட்கக் காலையிலிருந்து போன் அடித்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. அவர்களுக்கு வேலை தலைக்கு மேல் என்று தெரியும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு நிமிடம், ஒருவர் எடுத்து "இருக்கிறார்" என்றாவது சொல்லியிருந்தால் போதும்.

உருத்திரபுரம்

தம்பி, உங்கள் அப்பாவுக்கு எங்கள் எல்லாருடைய அஞ்சலியும். திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

ஒட்டுசுட்டான் மிஸ் சொன்ன மாதிரி இரண்டு காரியம் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் இன்னும் ஊசி போடாத 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பெயரை ஊர்ப் பெடியள் எழுதி விதானையாரிடம் கொடுக்கட்டும். வாகனம் தேவையானவர்களின் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். அடுத்தது, ஊசி போடும் இடம், நாள், எந்த ஊசி என்பதை இரண்டு நாளைக்கு முன்னர் கோயில் ஒலிபெருக்கியிலும் தேவாலயத்திலும் தமிழில் அறிவிக்கும்படி பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதுவோம். கடிதத்தை நான் எழுதுகிறேன். கையெழுத்து வைக்க விருப்பமானவர்கள் உங்கள் கிராமத்தின் பெயரைக் கீழே போடுங்கள். வயலுக்குப் போகும் பாஸில் கரைச்சி, கண்டாவளைப் பக்கம் நானே வந்து வாங்குவேன். முல்லைத்தீவுப் பக்கம் யார் பொறுப்பெடுக்கிறீர்கள்?