வேனுக்கு டீசல் ஹீட்டர்: 2 கிலோவாட் போதுமா, எங்கே மாட்டுவது?

வாணி, லெஸ்டர்

வணக்கம். எங்களிடம் ஒரு பியூஜோ பாக்சர் வேன் இருக்கிறது. நடுத்தர நீளம், உயரக் கூரை. சுவரிலும் கூரையிலும் 25 மில்லிமீட்டர் இன்சுலேஷன் ஒட்டி மேலே ப்ளைவுட் அடித்தாயிற்று. கட்டில், சின்ன கேஸ் அடுப்பு, 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி எல்லாம் வந்துவிட்டது. பாக்கி ஹீட்டர்தான். பிப்ரவரி பள்ளி விடுமுறையில் ஸ்காட்லாந்தில் ஏவிமோர் வரை போக ஆசை. மகளுக்கு ஏழு வயது, பனியில் சறுக்கப் போகிறோம் என்று இப்போதே நாள் எண்ணுகிறாள்.

கடையில் ஒருவர் 8 கிலோவாட் சைனா ஹீட்டரைக் காட்டி, "பெரிதாக வாங்கிக் குறைத்து வைத்து ஓட்டுங்கள்" என்கிறார். வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் என்ற ஜெர்மன் கம்பெனி ஹீட்டர்களின் விலையைப் பார்த்தால் கண்ணைக் கட்டுகிறது. என் கணவருக்கு வேறு கவலை: மூன்று பேர் தூங்கும் இடத்தில் டீசல் எரிந்தால் புகை உள்ளே வராதா? பாசஞ்சர் சீட்டுக்கு அடியில் வைக்கலாமா? டீசலை வண்டி டேங்க்கிலிருந்தே எடுப்பதா, தனி டேங்க் வைப்பதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவா, பிராட்ஃபோர்ட்

வாணி, உங்கள் வீட்டுக்காரர் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் முதல் கேள்வி. நான் வேன்களுக்கு ஹீட்டர் மாட்டித் தருபவன். இந்த ஹீட்டருக்குள் இரண்டு காற்றுப் பாதைகள் உண்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. எரிவதற்கான காற்று வேனுக்கு அடியிலிருந்து ஒரு குழாயில் ஏறி, டீசலோடு எரிந்து, புகையாக இன்னொரு குழாயில் அடிப்பக்கமே வெளியேறிவிடும். நீங்கள் மூச்சுவிடும் காற்று அந்தச் சூடான அலுமினிய உடம்பின் வெளிப்பக்கத்தைத் தடவிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். சரியாக மாட்டினால் புகை உள்ளே வர வழியில்லை. வந்தால் பெரும்பாலும் மாட்டியதில் ஓட்டை, இல்லையென்றால் புகைக்குழாய் முடியும் இடம் தப்பு.

அதனால் ஹீட்டரை எங்கே வாங்குவது என்று யோசிக்கும் நேரத்தைப் புகைக்குழாய்க்குக் கொடுங்கள். குழாயின் முனை வண்டியின் பக்கவாட்டு விளிம்பு வரை வந்து வெளியே பார்த்து முடிய வேண்டும். வண்டிக்கு அடியில் நடுவில் முடிந்தால் காற்றில்லாத ராத்திரியில் புகை அங்கேயே தேங்கி, தரையில் இருக்கும் ஏதாவது ஒரு துளை வழியாக ஏறிவிடும். திறக்கும் ஜன்னலுக்கும் கதவுக்கும் கீழே வேண்டாம். காற்று இழுக்கும் குழாயின் வாய் புகை வாயிலிருந்து தள்ளி இருக்கட்டும். வண்டி ஓடும்போது எதிர்காற்று நேராக அடிக்கிற மாதிரி முன்பக்கம் பார்க்கவும் கூடாது. புகைக்குழாய் முழுக்கச் சரிவாக இறங்க வேண்டும், நடுவில் தொங்கினால் தண்ணீர் தேங்கும். வேறு வழியில்லாமல் தொங்கினால் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சின்னத் துளை போடுங்கள். ஓடும்போது அந்தக் குழாய் பயங்கரமாகச் சூடேறும், எரிபொருள் குழாய், பிரேக் ஹோஸ் பக்கத்தில் போக விடாதீர்கள்.

சைஸுக்கு வருகிறேன். 2 கிலோவாட்தான், யோசிக்கவே வேண்டாம். உங்கள் அளவு வேனுக்கு, இந்த இன்சுலேஷனோடு, வெளியே மைனஸ் ஐந்து என்றால் குத்துமதிப்பாக ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோவாட் சூடு போதும். கடைக்காரர் சொன்ன "குறைத்து வைத்து ஓட்டுங்கள்" என்பதுதான் இந்த ஹீட்டர்களைக் கொல்கிற வேலை. குறைந்த வேகத்திலேயே மணிக்கணக்கில் ஓடினால் எரியும் அறை போதுமான சூட்டுக்கு வராது. டீசல் முழுசாக எரியாமல் கரி படியும், டீசலைப் பற்றவைக்கும் க்ளோ ப்ளக்கைச் சுற்றியிருக்கும் வலை அடைபடும், ஒருநாள் காலையில் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டுப் பற்றாமல் நிற்கும். 2 கிலோவாட் ஹீட்டரையும் அணைக்கும் முன் இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓட்டிவிடுங்கள், படிந்தது எரிந்து போகும். இன்னொன்று, 8 கிலோவாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய சைனா பெட்டிகளைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் இருப்பது 5 கிலோவாட் உடம்புதான்.

சைனாவா ஜெர்மனியா என்றால், காசு இருந்தால் ஜெர்மனி. சத்தம் குறைவு, பாகங்கள் வருடங்கள் கழித்தும் கிடைக்கும். காசு இல்லை என்றால் சைனா வாங்குங்கள், ஆனால் பெட்டியில் வரும் சில்லறைச் சாமான்களை அப்படியே மாட்டாதீர்கள். பச்சை நிறத்தில் மென்மையான டீசல் குழாய் ஒன்று வரும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்விட்டம் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாத விறைப்பான நைலான் குழாய் வாங்குங்கள். மென்மையான குழாயில் பம்பின் ஒவ்வொரு அடிக்கும் குழாய் உப்பும், குமிழி சேரும், தீ விட்டுவிட்டு எரியும். கிளாம்ப்புகளையும் சைலன்சரையும் நல்லதாக மாற்றுங்கள். கூட வரும் சைலன்சரில் மடிப்பு வழியாகவே புகை கசியும்.

பம்ப்பை டேங்க்குக்குப் பக்கத்தில், டீசல் வெளியேறும் முனை மேலே பார்க்கும்படி சாய்த்து, ரப்பரில் தொங்கவிடுங்கள். இரும்போடு சேர்த்து இறுக்கினால் அந்த டிக் டிக் சத்தம் ராத்திரி முழுக்கக் கட்டிலுக்கே கேட்கும். டீசலை வண்டி டேங்க்கிலிருந்தே எடுங்கள். டேங்க்கை இறக்க வேண்டியிருக்கும், ஒரு பகல் வேலைதான். உறிஞ்சும் குழாய் அடிவரை போகாமல் நிறுத்தினால் ஹீட்டர் தீர்த்தாலும் வண்டி ஓட டீசல் மிஞ்சும். தனி டேங்க் வைத்தால் தூங்கும் இடத்தில் வாடை வரும். கோடையில் நிரப்பிய டீசல் அதிலேயே கிடந்து குளிரில் மெழுகு கட்டும் ஆபத்தும் உண்டு. இங்கே பங்க்கில் குளிர்காலத்தில் தருவது வேறு கலவை. செலவு பெரிதில்லை, ஒரு ராத்திரிக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர்.

மின்சாரம்: பற்றவைக்கும்போது சில நிமிடம் 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும், அப்புறம் ஒன்று இரண்டோடு அடங்கிவிடும். ஒயர் மெல்லியதாக இருந்தால் அந்த முதல் சில நிமிடத்தில் வோல்டேஜ் விழுந்து ஸ்டார்ட் ஆகாது. அணைப்பது எப்போதும் கன்ட்ரோலரில்தான். விசிறி ஓடித் தன்னைக் குளிரவைத்துக்கொண்டு தானே நிற்கும், அதற்குள் மெயின் சுவிட்சைப் போட்டுத் துண்டித்தால் உள்ளே வெந்துவிடும்.

கடைசியாக, புகையில் இருக்கும் நச்சு வாயுவைக் கண்டு கத்தும் கார்பன் மோனாக்சைடு அலாரம். இஎன் 50291-2 என்ற தர எண் போட்டதை வாங்குங்கள், வண்டிக்கும் படகுக்கும் உரியது அது. இது இல்லாமல் ஒரு ராத்திரிகூட குழந்தையோடு படுக்காதீர்கள்.

குமரன், கிராண்ட் யூனியன் கால்வாய்

சிவா அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் நாரோபோட்டில், அதாவது கால்வாயில் ஓடும் ஒடுக்கமான படகில், வசிக்கிறேன். படகில் புகைக்குழாய் உடலைத் துளைத்துத்தான் வெளியே போக வேண்டும். தண்ணீர் மட்டத்துக்கு நன்றாக மேலே துளை, உள்ளே குழாயை வளைத்து மேலே ஏற்றி இறக்கினால்தான் அலைத் தண்ணீர் ஹீற்றருக்குள் ஏறாது. குழாய் முழுவதும் படகுக்கு உள்ளேயே ஓடுவதால் ஒவ்வொரு மூட்டும் புகை கசியாமல் இறுக்கமாக இருக்க வேண்டும், மேலே வெப்பத் துணி சுற்ற வேண்டும். 2019 ஏப்ரலில் இருந்து இங்கே படகுப் பாதுகாப்புப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

தங்கச்சி, உங்களுக்கும் பொருந்துவது இது. பக்கத்துப் படகோடு ஒட்டி நிறுத்தும்போது என்னுடைய புகை வாய் அவர்களுடைய ஜன்னலுக்கு நேரே வந்துவிடும். முகாம் இடங்களில் வேன்களும் நெருக்கமாகத்தான் நிற்கும். நிறுத்தியதும் உங்கள் புகை எந்தப் பக்கம் போகிறது, பக்கத்து வண்டியின் புகை எங்கே வருகிறது என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். காஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய மட்டும் நினைக்க வேண்டாம். எரியும் காஸ் அவ்வளவும் உள்ளே ஈரமாக இறங்கும், விடிய ஜன்னலெல்லாம் ஒழுகும். நச்சு வாயு ஆபத்து வேறு.

வாணி, லெஸ்டர்

மிக்க நன்றி சிவா அண்ணா, குமரன் அண்ணா. 2 கிலோவாட் என்று முடிவு செய்துவிட்டோம். ராத்திரி முழுக்க ஓடவிட்டுத் தூங்கலாமா? மகள் படுக்கும் பக்கம்தான் சூடான காற்று வரும் வாய் அமைகிறது.

சிவா, பிராட்ஃபோர்ட்

ஓடவிடலாம், அதற்காகச் செய்ததுதான். கன்ட்ரோலரை வெப்பநிலை பார்த்து ஓடும் முறையில் 16, 17-ல் வையுங்கள். சென்சார் சூடான காற்று நேராக அடிக்கும் இடத்திலோ குளிர்ந்த தகரத்தின் மீதோ இருந்தால் தப்புக் கணக்குப் போடும். காற்று வாயை மகளின் கால்மாட்டிலிருந்து நடைபாதைப் பக்கம் திருப்புங்கள். வாயருகே காற்று சுடும், போர்வை விழுந்து மூடினால் ஹீட்டர் அளவுக்கு மேல் சூடாகித் தானே நின்றுவிடும். லித்தியம் பேட்டரி உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏறக் கூடாது, அது இருக்கும் பெட்டிக்குள்ளும் கொஞ்சம் சூடு போக வழி விடுங்கள். பனி கொட்டினால் ஹீட்டரைப் போடும் முன் புகை வாயைச் சுற்றி மண்வெட்டியால் தள்ளிவிடுங்கள்.

சீட்டுக்கு அடியில் துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து அந்த இடத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். குறுக்குச் சட்டமும் ஹேண்ட்பிரேக் கேபிளும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.