டிவிடி பிளேயர் மாட்டினால் படம் கருப்பு வெள்ளையில் வருகிறது, அவசரம்!

சும்மா ஒருவன்:
புது எச்டி டிவி. பழைய டிவிடி பிளேயரை மாட்டினேன். படம் வருகிறது, ஆனால் கருப்பு வெள்ளை. சத்தமும் ஒரு பக்கம்தான் கேட்கிறது. வயர் எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன், பழைய டிவியில் ஓடிக்கொண்டிருந்த அதே வயர். டிவி பழுதா, பிளேயர் பழுதா? ராத்திரிக்குள் யாராவது சொல்லுங்கள், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ராத்திரி ஷிப்ட்:
எந்த வயர்? எச்டிஎம்ஐயா, மூன்று வயரா, ஐந்து வயரா? டிவியில் எங்கே சொருகினீர்கள்? மாடல் எண்?

பழைய ரேடியோ:
கலர் சிஸ்டம் பிரச்சினை, சந்தேகமே வேண்டாம். நிறத்தை அனுப்பும் முறைகள் பல: என்டிஎஸ்சியில் நிறம் 3.58 மெகாஹெர்ட்ஸில் ஏறி வரும், பால் முறையில் 4.43. பிளேயர் ஒன்றில் அனுப்பி, டிவி மற்றதில் தேடினால் நிறம் போய்விடும், படம் மட்டும் நிற்கும். பிளேயர் செட்டப்பில் டிவி டைப் என்று ஒன்று இருக்கும், அதை மாற்றுங்கள். எத்தனை விசிஆருக்கு இதைச் செய்திருப்பேன்!

மின்மினி:
வயர் போயிருக்கும். தங்கமுலாம் பூசியதாகப் பார்த்து வாங்குங்கள், படம் பளிச்சென்று இருக்கும்.

ராத்திரி ஷிப்ட்:
மின்மினி, முலாம் பூசுவது முனை கறுக்காமல் இருக்கத்தான். படம் பளிச்சென்று ஆவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சும்மா ஒருவன்:
சாதாரண வயர்தான், மூன்று இருக்குமே அது. டிவியைச் சுவரோடு ஒட்டி மாட்டிவிட்டார்கள், மாடல் எண் தெரியவில்லை. பழைய ரேடியோ சார் சொன்ன மாதிரி பால், என்டிஎஸ்சி இரண்டும் மாற்றிப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

வயரிங் வாத்தியார்:
இந்த இழையில் இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி: மஞ்சள் வயர் எந்த ஓட்டையில் இருக்கிறது? "சரியாகப் போட்டேன்" என்பது பதில் ஆகாது. டிவியோடு வந்த கையேடு என்ன பாவம் செய்தது என்று தெரியவில்லை, அதை யாரும் பிரிப்பதே இல்லை.

ராத்திரி ஷிப்ட்:
எங்கே சொருகினீர்கள் என்று முதல் பதிலிலேயே கேட்டேன் வாத்தியாரே.

சும்மா ஒருவன்:
மஞ்சள் ஓட்டையே இல்லை சார். பச்சை, நீலம், சிவப்பு, வெள்ளை, சிவப்பு, அவ்வளவுதான். மஞ்சளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், பச்சையில் மட்டும் படம் வந்தது. வெள்ளையை வெள்ளையிலும் சிவப்பைச் சிவப்பிலும் போட்டிருக்கிறேன்.

வயரிங் வாத்தியார்:
எந்தச் சிவப்பு? அங்கே இரண்டு இருக்கின்றன. நீலத்துக்குப் பக்கத்தில் இருப்பது படத்துக்கானது, வெள்ளைக்கு அடுத்தது சத்தத்துக்கானது. நீங்கள் போட்டது முதலாவது. அதனால்தான் வலது பக்கம் ஊமை.

பச்சை ஓட்டை இரண்டு வேலைக்கும் பொது: ஏவி என்றால் முழுப் படமும் மஞ்சள் வயர் ஒன்றிலேயே வரும், கம்போனென்ட் என்றால் பச்சை, நீலம், சிவப்பு மூன்றிலும் பிரிந்து வரும். மஞ்சளை அதில் போட்டது தற்செயலாகச் சரி. ஆனால் ரிமோட்டில் கம்போனென்ட் என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அப்போது டிவி பச்சையில் வருவதை வெறும் வெளிச்ச அளவாக மட்டும் எடுத்துக்கொள்ளும். மஞ்சள் வயரில் வெளிச்சத்தோடு கலந்து வருகிற நிறத்தைப் பிரிக்காது. திரைக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், பொடிப் புள்ளிகள் படத்தின் மேல் ஊரும். பிரிக்காமல் விட்ட நிறம்தான் அது. ஏவி என்பதற்கு மாற்றுங்கள்.

பழைய ரேடியோ:
கம்போனென்ட்தான் என்று அவர் எங்கே சொன்னார்? இன்னும் கலர் சிஸ்டமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நீலக்குருவி:
பிளேயர் பின்னாலும் பச்சை, நீலம், சிவப்பு இருந்தால் அந்த மூன்றையும் சேர்த்தே மாட்டிவிடுங்கள். சத்தத்துக்கு வெள்ளையும் இன்னொரு சிவப்பும். அது ஆர்ஜிபி, மூன்று நிறமும் தனித்தனியாக வரும், மஞ்சளைவிட எவ்வளவோ தெளிவு.

வயரிங் வாத்தியார்:
தெளிவு சரி, ஆர்ஜிபி தவறு. பச்சையில் வருவது வெளிச்சம். மற்ற இரண்டில் வருபவை நீலத்துக்கும் வெளிச்சத்துக்கும், சிவப்புக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசங்கள். ஓட்டையின் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைக்கக் கூடாது.

நீலக்குருவி:
பதினைந்து வருடமாக எல்லாரும் ஆர்ஜிபி என்றுதான் சொல்கிறோம்.

ராத்திரி ஷிப்ட்:
வாத்தியார் பேசும் விதம் எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் இதில் அவர் சொல்வதுதான் சரி. நீலத்தையும் சிவப்பையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். ஆர்ஜிபி என்றால் பச்சைப் பச்சையாகத் தெரிய வேண்டும். வருவது கருப்பு வெள்ளை.

மின்மினி:
அதில் எச்டியே வராதே, எதற்கு அது? எச்டிஎம்ஐக்கு மாற்றித் தரும் பெட்டி ஒன்று வாங்கிவிடலாம்.

வயரிங் வாத்தியார்:
கம்போனென்ட் வழியாக 720பி, 1080ஐ என்கிற எச்டி தரங்கள் தாராளமாகப் போகும். டிவிடி வட்டில் இருப்பதே 480 அல்லது 576 வரிகள். பெட்டி வைத்தால் அவை கூடிவிடுமா? திருட்டுப் பிரதி பயத்தில் 2010-க்குப் பிறகு வந்த ப்ளூரே கருவிகளில் (எச்டி வட்டு ஓட்டுபவை) வணிக வட்டுகளுக்கான, கம்போனென்ட் போன்ற அனலாக் வழியைச் சாதாரணத் தரத்துக்குச் சுருக்கினார்கள். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு எல்லாரும் கம்போனென்ட்டே எச்டி இல்லை என்கிறார்கள்.

அத்திப்பூ:
எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் எனக்குப் படம் நன்றாக வருகிறது, எச்டிஎம்ஐயில் சவுண்ட்பார் மாட்டினேன், அதில்தான் சத்தம் வரவில்லை.

வயரிங் வாத்தியார்:
அது இதே பிரச்சினை இல்லை. தனி இழை போடுங்கள்.

ராத்திரி ஷிப்ட்:
அத்திப்பூ, டிவியில் எல்லா எச்டிஎம்ஐ ஓட்டையும் சத்தத்தை வெளியே அனுப்பாது. பக்கத்தில் ஏஆர்சி அல்லது ஈஏஆர்சி என்று எழுதியிருக்கும், அதில் மாட்டுங்கள். சவுண்ட்பாரிலும் அதே பெயர் போட்ட ஓட்டைதான். அப்புறம் டிவி செட்டிங்கில் சிஇசியை (எச்டிஎம்ஐயில் மாட்டிய கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் வசதி) ஆன் செய்யுங்கள், இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். அதற்கும் வரவில்லை என்றால் டிஜிட்டல் ஆடியோவைப் பிசிஎம் (சுருக்காத சாதாரண வடிவம்) என்று மாற்றிப் பாருங்கள்.

சும்மா ஒருவன்:
கலர் வந்துவிட்டது! இரண்டு பக்கமும் சத்தம் வருகிறது. எல்லாருக்கும் நன்றி, படம் ஆரம்பித்துவிட்டது.

பழைய ரேடியோ:
எதை மாற்றியதும் வந்தது? டிவி டைப்பா?

பழைய ரேடியோ:
தம்பி, இருக்கிறீர்களா?

அத்திப்பூ:
ஏஆர்சி ஓட்டையில் செட்டாப் பாக்ஸ் இருக்கிறது. அதைக் கழற்றி வேறு ஓட்டையில் போட்டால் ஒன்றும் ஆகாதே?

ராத்திரி ஷிப்ட்:
ஆகாது. ரிமோட்டில் இன்புட்டை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.