பைப் மாட்டியதும் ஆர்பிஎம் ஏறவில்லை: குறை கிளட்ச்சிலா, ஜெட்டிலா?

ஸ்னோமொபைல், 600 சிசி டூ ஸ்ட்ரோக் ட்வின், போர்ட்டிங் (சிலிண்டர் துளைகளைத் திருத்தியது), ட்யூன்டு பைப் (அழுத்த அலையைத் திருப்பி அனுப்பும் எக்ஸாஸ்ட் குழாய்). பைப் கேட்பது 8,300. முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் முள் 7,900-ஐத் தாண்டவில்லை. ப்ரைமரி (இஞ்சின் பக்கக் கிளட்ச்) வெயிட் ஒவ்வொன்றிலும் 2 கிராம் எடுத்ததும் 8,300 வந்தது, ஆனால் வண்டி வேகம் துளியும் கூடவில்லை. ப்ளக்கைக் கழற்றினால் நனைந்த கறுப்பு. மெயின் ஜெட் (கார்புரேட்டரில் முழு த்ராட்டில் பெட்ரோலை அளக்கும் துளை) 2 சைஸ் பெரிது. அதை இறக்கியதும் முள் ஒரே மூச்சில் 8,700-க்குப் போய் நின்றது. சத்தம் மட்டும் ஏறுகிறது, இழுவை செத்துவிட்டது. எடுத்த 2 கிராமையும் திரும்பப் போட்ட பிறகுதான் 8,300-ல் நின்று இழுத்தது. ஜெட் குறையை வெயிட்டை வைத்து மூடினால் இப்படித்தான்.

*

இங்கே எல்லாரும் முழு த்ராட்டிலையே பேசுறீங்க. பார்த்த வண்டியில மெயின் ஜெட் சரி, முழு இழுப்புல ப்ளக் நல்ல பழுப்பு. ஆனா பாதி த்ராட்டில்ல ஒரே சீரா ஓடிட்டிருக்கும்போது பிஸ்டன் பிடிச்சுது. கால்ல இருந்து முக்கால் த்ராட்டில் வரைக்கும் கார்புரேட்டர் ஊசி, அதாவது நீடில் ராஜ்ஜியம், மெயினுக்கு அங்க செல்வாக்கு கம்மி. கிளிப்பை ஒரு காடி கீழ இறக்கினா நீடில் மேல ஏறும், பெட்ரோல் கூடி கலவை ரிச் ஆகும். அவ்வளவுதான் வேலை.

*

முதல் பதிவர் பைப் சூட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டார். குளிர்ந்த பைப்பில் அழுத்த அலை மெதுவாகத் திரும்பும், அதனால் பைப் தாழ்ந்த ஆர்பிஎம்மிலேயே வேலை செய்யும். ரிச் கலவை பைப்பைச் சூடேற விடாது. காணாமல் போன 400-இல் பாதிக்கு மேல் இதுதான் காரணமாக இருக்கும். குட்டி இழுப்பில் முள்ளைப் பார்த்து வெயிட்டைத் தொடாதீர்கள். பைப் நன்றாகச் சூடேறும் அளவுக்கு நீள இழுப்பு வேண்டும்.

*

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஜெட் பெட்டியைத் திறக்கும் முன் காற்றுக் கசிவு பாருங்கள். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் அடைத்து, கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ ஏற்றி, கிராங்க் சீல், கார்புரேட்டர் பூட் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் எந்த ஜெட்டும் காப்பாற்றாது.

அடுத்து ப்ரைமரி ரோலர், அதாவது வெயிட் அழுத்தும் உருளை. ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் இன்று ஒரு ஆர்பிஎம், நாளை ஒன்று. பழைய பெல்ட்டிலும் ட்யூனிங் செய்யாதீர்கள். நீள இழுப்பு முடிந்ததும் இஞ்சினை அணைத்து, சுழற்சி நின்ற பிறகு இரண்டு கிளட்ச்சையும் தொட்டுப் பாருங்கள்: ப்ரைமரி மட்டும் கொதித்தால் பெல்ட் அங்கே வழுக்குகிறது, அதற்குப் பிடிப்பு போதவில்லை. செகண்டரி (பெல்ட்டின் மறுமுனைக் கிளட்ச்) கொதித்தால் அதன் டார்ஷன் ஸ்பிரிங் தளர்வு, அல்லது ஹெலிக்ஸ் (அதன் உள்ளே இருக்கும் சாய்தளத் துண்டு) கோணம் மிகச் செங்குத்து. த்ராட்டிலை விட்டு மறுபடி அழுத்தும்போது முள் தாழ்ந்து தடுமாறினாலும் இதே இடம்தான்: ஸ்பிரிங்கை ஒரு துளை முறுக்குங்கள், போதாவிட்டால் கோணம் குறைந்த ஹெலிக்ஸ். ப்ரைமரி வெயிட்டில் ஏறத்தாழ 1 கிராமுக்கு 200 ஆர்பிஎம் என்பது தொடக்கக் கணக்கு. வெயிட்டின் முனையில் ஏற்றிய கிராமும் அடியில் ஏற்றிய கிராமும் ஒன்றல்ல. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

*

மேலே இவ்வளவு நீளத்தில் வெப்பநிலை என்ற வார்த்தையே இல்லையே! மைனஸ் 5-இல் கச்சிதமாக வைத்த மெயின் ஜெட், மைனஸ் 25-இல் லீன், அதாவது பெட்ரோல் போதாத கலவை. காற்று அடர்த்தி கூடுகிறது, பெட்ரோல் அதே அளவு. அப்படி ஓடிய இஞ்சினில் கழற்றிய பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் நெடுகக் கீறல், தலையில் ஓரம் வரை வறண்ட கரி. ட்ரான்ஸ்ஃபர் போர்ட் (புதுக் கலவை சிலிண்டருக்குள் வரும் வழி) எதிரே கழுவிவிட்டதுபோல் சுத்தமான திட்டு இருக்க வேண்டும். அங்கே அது இல்லவே இல்லை. எக்ஸாஸ்டைக் கழற்றிவிட்டு போர்ட் வழியே டார்ச் அடித்தால் அந்தத் திட்டு தெரியும், ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. உயரத்துக்குப் போனால் கணக்கு தலைகீழ்: காற்று மெலியும், ஜெட்டையும் குறைக்க வேண்டும், சக்தி குறைவதால் வெயிட்டையும் குறைக்க வேண்டும்.