மறுமொழி: ‘மியூசிக் லைப்ரரி’க்குத் தமிழ்ச்சொல்: ‘அடங்கல்’னு வச்சா என்ன?

குழுவுல எல்லாருக்கும் வணக்கம்.

நம்மகிட்ட இருக்கிற பாட்டையெல்லாம் பட்டியல் போட்டு எடுத்துக் கொடுக்குற மென்பொருள் இருக்குல, அந்த மியூசிக் லைப்ரரிக்குத் தமிழ்ல என்ன சொல்லு வைக்கலாம்னு ஓடுற இந்த இழையை ரெண்டு வாரமா படிச்சுக்கிட்டேதான் இருந்தேன், எழுதத்தான் நேரம் வாய்க்கல, இப்ப மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் போட்டெல்லாம் கரையிலதான், நான் பாக்குற இன்ஜின் வேலையும் பகல்லயே முடிஞ்சுடுது, அதான் ராத்திரி உக்காந்து நிதானமா எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்கங்க.

> லைப்ரரின்னா நூலகம்னு பழகிடுச்சு, ‘இசை நூலகம்’னே விட்டுடலாமே

பரமக்குடி சார், பழகுன சொல்லுக்கு ஒரு பலம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா நூலகம்னா உள்ள போனா புத்தகம் இருக்கணும்ல. இந்த மென்பொருளுக்குள்ள பாட்டே கிடையாது சார். இத நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். வீட்டுல ஒரு பழைய லேப்டாப்புல லிரியான் மியூசிக் சர்வர்ங்கிற மென்பொருள் ஓடுது, பாட்டு பூரா 2 டெராபைட் ஹார்டு டிஸ்க்குல தனியா கிடக்கு, ஹாலுல ராஸ்பெரி பைனு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதுமேல டிஜிட்டல் பாட்ட ஆம்ப்ளிஃபயருக்கு ஏத்த மாதிரி மாத்துற ஒரு டாக் பலகை, அதுலேருந்து ஒயர் எங்கப்பா வாங்கின ஆம்ப்ளிஃபயருக்குப் போகுது. போன ஐப்பசியில கரண்டு வந்து வந்து போனதுல லேப்டாப்புல இருந்த டேட்டாபேஸ் கெட்டுப்போச்சு, திரையில ஒரு பாட்டு இல்ல, எல்லாம் காலி. பதினஞ்சு வருஷமா ஒவ்வொரு சிடியா ஃபிளாக் கோப்பா (தரம் குறையாத பாட்டுக் கோப்பு) மாத்திச் சேத்தது, எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிடுச்சு. அப்புறம் ஹார்டு டிஸ்க்கைத் தொறந்து பாத்தா எல்லாம் வச்ச இடத்துல அப்படியே இருக்கு. மறுபடி ஸ்கேன் போட்டேன், விடியறதுக்குள்ள அத்தனையும் திரும்பி வந்துடுச்சு. போனது பாட்டு இல்ல, பாட்டப் பத்தின கணக்கு மட்டும்தான்.

அதனாலதான் கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்ன ‘இசைப் பண்டகசாலை’யும் எனக்கு ஒட்டல. காக்கா, சொல்லு அழகு, உங்க ஊரு வாசனையே அதுல இருக்கு, ஆனா அது சரக்கு இருக்கிற இடம். ஹார்டு டிஸ்க்குக்கு வேணா அந்தப் பேரை வச்சுக்கலாம்.

> ‘இசையடைவு’ எப்படி இருக்கு?

தொண்டி தங்கச்சி, நீ கிட்ட வந்துட்டம்மா. ஆனா அடைவுங்கிற சொல்ல டைரக்டரிக்கு, அதான் கோப்பு போட்டு வைக்கிற கோப்புறைக்கு, ஏற்கெனவே கொடுத்தாச்சு. டைரக்டரி வேற, லைப்ரரி வேறன்னு புதுசா வர்றவங்களுக்குப் புரிய வைக்கிறதுதான் இதுல பெரிய பாடு, ரெண்டுக்கும் ஒரே சொல்ல வச்சுட்டா அந்த வேறுபாடே அழிஞ்சுபோகும்.

எனக்குத் தோணுன சொல்லு அடங்கல். விஏஓ ஆபீஸ்ல சிட்டா அடங்கல்னு வாங்குறோமே, அந்த அடங்கல்தான். வயலு ஆபீஸுக்கு வர்றதில்ல, அது இருக்கிற எடத்துல இருக்கு. அடங்கல்ல சர்வே நம்பர், பரப்பு, யாரு பயிர் வைக்கிறா, என்ன பயிர், தண்ணி எதுலேருந்து, இதெல்லாம் கலம் கலமா (கட்டம் கட்டமா) எழுதியிருக்கும். லிரியான், நேவிட்ரோம், ஜெல்லிஃபின்னு இந்த மென்பொருளெல்லாம் செய்றது இதே வேலைதான், ஒவ்வொரு கோப்பையும் போய்ப் பாத்து அதுல இருக்கிற டேக்கை (கோப்புக்குள்ளயே எழுதி வச்ச குறிப்பு) படிச்சு யாரு பாடினா, யாரு இசை, எந்த வருஷம், எந்தக் கோப்புறைனு எழுதி வச்சுக்குது, கேட்டா எடுத்துக் கொடுக்குது.

இன்னொரு காரணமும் இருக்கு, அதச் சொல்லத்தான் முக்கியமா எழுத வந்தேன். மூவர் தேவாரம் ஏழு திருமுறையையும் சேத்து அடங்கன்முறைனு சொல்றோம்ல. பாட்டுத் தொகுப்புக்கு இந்தச் சொல்ல நம்மாளுங்க எப்பவோ வச்சுட்டாங்க. அதுமட்டுமில்ல, அந்தத் தேவாரத்துக்கு ரெண்டு அடுக்குமுறை உண்டு, பண் (ராகம்) வாரியா அடுக்குற பண்முறைனு ஒன்னு, கோயில் இருக்கிற தலம் வாரியா அடுக்குற தலமுறைனு ஒன்னு. நம்ம ராமேஸ்வரத்தையே பாருங்க. சம்பந்தர் பாடுனது ரெண்டு பதிகம், அப்பர் பாடுனது ஒன்னு. பண்முறையில தேடுனா சம்பந்தர் பதிகம் ரெண்டும் மூணாம் திருமுறையில, ஒன்னு காந்தார பஞ்சமத்துல, இன்னொன்னு பழம்பஞ்சுரத்துல, நடுவுல எத்தனையோ பதிகம் தள்ளி நிக்கும், அப்பர் பதிகம் நாலாம் திருமுறையில திருநேரிசையில கிடக்கும். தலமுறைப் புத்தகத்த எடுத்தா மூணும் ராமேஸ்வரம்ங்கிற ஒரே தலைப்புல வந்துடும். பாட்டு அதேதான், ஒரு எழுத்து மாறல, அடுக்குறதுதான் மாறுது. ஆல்பம் வாரியா பாக்குறதா, இசையமைப்பாளர் வாரியா பாக்குறதானு இன்னைக்கு ஒரு பட்டன அமுக்கி மாத்துறோமே, அது இதுதானே. இந்த மென்பொருளோட உசுரே அந்தப் பட்டன்லதான் இருக்கு, அதச் சொல்ற சொல்லு நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கும்போது எதுக்கு நூலகம்னு மொழிபெயர்க்கணும்.

> சொல்லு கிடக்கட்டும், எந்த மென்பொருள் போடலாம், அதச் சொல்லுங்க முதல்ல

தம்பி, ரெண்டும் ஒரே கேள்விதான். அடங்கல்ல எத்தனை கலம் இருக்குங்கிறத வச்சுத்தான் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கணும். நமக்கு ஒரு சினிமாப் பாட்டுன்னா படம், பாடினவங்க, இசை, பாட்டு எழுதினவர் நாலும் வேணும். எங்க வீட்டுல சின்ன வயசுல இலங்கை வானொலிதான், கடலுக்கு அந்தாண்டையிருந்து பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி தெளிவா வரும், அறிவிப்பாளர் அந்த நாலையும் அழகா சொல்லுவாரு, எங்கம்மா இன்னைக்கும் பாட்டு ஆரம்பிச்ச உடனே நாலையும் சொல்லும். ஆனா எம்பி3க்கு மொதல்ல வந்த ஐடி3 டேக்குல இசையமைப்பாளருக்கு எடமே இல்ல. மொத்தமே 128 பைட், தலைப்புக்கு 30, ஆர்ட்டிஸ்டுக்கு 30, ஆல்பத்துக்கு 30. யுடிஎஃப்-8ங்கிற எழுத்துமுறையில தமிழ் ஒரு குறிக்கு 3 பைட் எடுக்கும், அப்ப 30 பைட்டுல 10 குறிதான் நிக்கும், ‘இளையராஜா’ங்கிற பேருக்கே 8 போயிடும் (காலு, கொம்பெல்லாம் தனிக் குறி). அதனால ஆளாளுக்கு ஆர்ட்டிஸ்ட் கலத்துல ஒருத்தன் பாடகரைப் போட்டான், ஒருத்தன் இசையமைப்பாளரைப் போட்டான். ஐடி3 ரெண்டாம் பதிப்பு வந்து கம்போசருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனி கலம் கொடுத்தும் பழைய குழப்பம் இன்னும் நம்ம கோப்புகள்ல அப்படியேதான் கிடக்கு.

நான் லிரியான் போட்டதுக்குக் காரணம் கம்போசர் கலத்த அது தனியா மதிக்குது, ஹாலுலயும் அடுப்படியிலயும் ஒரே பாட்டு ஒரே நேரத்துல ஓடும், காசும் கிடையாது. ஸ்குவீஸ்பாக்ஸ் மாதிரி பாட்டுப் பெட்டிகளுக்காக எழுதின மென்பொருள் அது, பெட்டி நின்னுபோச்சு, மென்பொருள ஆர்வலர்கள் கைவிடாம வச்சிருக்காங்க, பேரு மாறி மாறி இப்ப லிரியான். கச்சேரி கேக்குறவங்களுக்கு இன்னொன்னு, ஆலாபனைய ஒரு டிராக்காவும் கீர்த்தனைய அடுத்த டிராக்காவும் வெட்டியிருப்பாங்க, நடுவுல ஒரு நொடி வெட்டு விழுந்தாலும் தம்புராவோட சுருதி அறுந்த மாதிரி இருக்கும், இதுல அந்த வெட்டு இல்லாம ஓடுது. பாட்டு எழுதினவர் வாரியா தேடணும்னா நேவிட்ரோம் நல்லது, அதுல பாடலாசிரியர் தனியா வருது, ஆனா அது செல்போன் செயலியில கேக்குறவங்களுக்கு நல்லா இருக்கும், ஹாலு ஸ்பீக்கருக்கு எனக்கு லிரியான்தான் தோதா இருக்கு. ரூன்னு இன்னொரு மென்பொருள், பாக்க ரொம்ப அழகு, சந்தா கட்டணும், முடிஞ்சவங்க கட்டுங்க.

எத போட்டாலும் மொதல்ல எம்பி3டேக் மாதிரி டேக் திருத்துற மென்பொருள் ஒன்ன வச்சு டேக்க நீங்களே கையால சரி பண்ணுங்க. தானா சரி பண்ற ஒன்னுகிட்ட ஒரு தடவை நம்பி விட்டேன், நாகூர் ஹனிபா கேசட்டுலேருந்து எடுத்த பாட்டையெல்லாம் எதோ படத்து ஆல்பத்துக்குள்ள கொண்டுபோய் சொருகிடுச்சு, எடுத்துப் போட மூணு ராத்திரி ஆச்சு. படமே இல்லாத பாட்டு நம்மகிட்ட எவ்வளவு இருக்கு, அது அதுக்குத் தெரியாது.

ஸ்ட்ரீமிங்குக்கு நீவாடுனு (கடல் நீரோட்டம்) ஒருத்தர் எழுதியிருந்தீங்க, படிச்ச உடனே நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுச்சு, எங்க அய்யா தினமும் சொன்ன சொல்லு. ஆனா நீவாடு நாம கூப்பிட்டு வர்றதில்ல, அது அதுபாட்டுக்குப் போகும், நாமதான் வலைய அதுக்குத் தக்கன விடணும். இணைய வானொலிக்கு அது பொருந்தும், ஏன்னா அது நம்மளக் கேக்காம ஓடிக்கிட்டே இருக்கு. வீட்டு சர்வர்லேருந்து நாம கேட்ட பாட்டு வர்றதுக்கு பொருந்தாது. தனி இழையில பேசுவோம் இத.

ஆக என் முன்மொழிவு: மியூசிக் லைப்ரரி = பாட்டடங்கல். டேக் ஃபீல்டு = கலம்.

மண்டபத்துலேருந்து

– – –

மறுநாள், அதே இழையில

காக்கா, உங்க மறுமொழி பாத்தேன். ‘பாட்டடங்கல்’னு சொல்லும்போது நாக்கு தடுக்குதுன்னு எழுதியிருக்கீங்க, நானும் காலைல பட்டறையில பத்து தடவை சத்தமா சொல்லிப் பாத்தேன், உண்மைதான், ட்ட-வும் ட-வும் ஒன்னு மேல ஒன்னு ஏறுது. அதவிட தொண்டி தங்கச்சி கேட்டது எனக்குப் பதில் சொல்ல முடியாத கேள்வி, நாதஸ்வரம் பாட்டா, தனியாவர்த்தனம் பாட்டான்னு. என் ஹார்டு டிஸ்க்குலயே கால்வாசி நாதஸ்வரம்தான், அத வெளிய நிறுத்துற சொல்ல எப்படி வைக்கிறது. தங்கச்சி சொன்ன ‘இசையடங்கல்’ நல்லா இருக்கு, வாயிலயும் வழுக்கிக்கிட்டு வருது. நான் என்னோட சொல்லத் திரும்ப எடுத்துக்கிறேன், இசையடங்கல்னே பட்டியல்ல ஏத்திடுங்க.

ரீஸ்கேனுக்குத்தான் இன்னும் சொல்லு சிக்கல. ‘மறு அடங்கல்’ சரியா வரல. பரமக்குடி சார், உங்க தம்பி வருவாய்த்துறையில இருந்தவருன்னீங்களே, வயலுக்குப் போய்ப் பாத்து அடங்கல் எழுதுறதுக்கு ஆபீஸ்ல என்ன சொல்லுவாங்கன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்க.